யாருக்காக இந்த நேர்ச்சை

எங்கள் ஊரில் ஒரு பெண் "எனக்குச் சோறு போதும்" என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்து இன்னொரு அகப்பை போடுவார்கள். "நிஜமாகவே போதும்" என்றால், கறி பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சமைத்தவர் முகம் சுண்டிப்போகும். "எனக்கு சுகர் இருக்கு" என்று சொல்லிவிட்டாலோ உண்மையான கூத்து அப்போதுதான் ஆரம்பமாகும். "யாருக்குத்தான் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே மூன்றாவது அகப்பை விழும். சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் கண்ட பலன்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் வேலை பார்க்கிறேன். கப்பலில் வந்து இறங்கும் கண்டெய்னர்களைச் சுங்கத்திலிருந்து வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். என் பங்கு முழுக்கக் கண்ணை நம்பியது. நாலு எழுத்தும் அதன் பின்னால் ரயில் மாதிரி நீளும் எண்களுமாக இருக்கும் கண்டெய்னர் நம்பர்களைத் தாளிலும் திரையிலும் வைத்து ஒப்பிட வேண்டும். ஓர் எண் மாறினால் பெட்டி யார்டிலேயே கிடக்கும். வெளியே வெயிலில் நிற்கும் லாரி டிரைவர் ஃபோனில் என் பரம்பரையையே இழுப்பார். இருபது வருடத்துக்கு மேலாக அப்படி யாரும் என்னைத் திட்ட நான் விட்டதில்லை.

ஒரு நாள் மத்தியானம் திரையில் ஒரு கறுப்பு நூல் கிடந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். போகவில்லை. கண்ணை இடப்பக்கம் திருப்பினால் நூலும் இடப்பக்கம் போனது. சுவரைப் பார்த்தால் சுவரில் கிடந்தது. நூல் திரையில் இல்லை, என் கண்ணுக்குள் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார வைத்து, பிறகு விளக்கடித்துப் பார்த்தார்கள். டாக்டருக்கு என் மகனை விடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னார். சர்க்கரையால் விழித்திரையில் அங்கங்கே ரத்தம் கசிந்திருக்கிறது. இப்போது பார்வை போகவில்லை. சர்க்கரை இதே கதியில் இருந்தால் போகும்.

"எத்தன நாளைக்குப் பத்தியம் இருக்கணும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"பத்தியம்னு நினைக்காதீங்கம்மா. பத்தியம்னா ஒரு நாள் முடிஞ்சிரும். இது முடியாது. இனிமே இதுதான் உங்க சாப்பாடு."

ஒரு தட்டை வரைந்து காட்டினார். பாதித் தட்டு காய். கால் தட்டு மீனோ பயறோ முட்டையோ. மீதிக் கால் தட்டுதான் சோறு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கே புரிந்துவிடும். எனக்கும் புரிந்தது. புரிந்ததனால் என்ன பிரயோஜனம்?

என்னை பைக்கில் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார் என் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எத்தனை டன் இரும்பையும் பூப்போல இறக்கி வைப்பார். மருந்து விட்ட கண்ணில் வெயில் ஊசியாகக் குத்தியது. உப்பளத்துப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. பாதி வழியில் வண்டியை நிறுத்தினார். கையில் ஏதோ சூடாக வைத்தார். பார்வை மங்கலாக இருந்ததால் தடவித்தான் தெரிந்துகொண்டேன். உளுந்தவடை.

"பயந்து போயிருப்பல்லா, தின்னு. எல்லாம் சரியாயிரும்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என் கஷ்டமே. எங்கள் ஊரில் என் கண்ணைப் பறிக்க யாரும் கத்தியோடு வரவில்லை. எல்லோரும் அன்போடும் அகப்பையோடும்தான் வந்தார்கள்.

அவர்களை மட்டும் சொல்லி என்ன செய்ய? டாக்டர் வரைந்த தட்டில் முதல் சிக்கலே, எனக்கென்று ஒரு தட்டு கிடையாது என்பதுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சாப்பிட்டு, மகன் வந்தபின் அவனும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் என்ன கிடக்கிறதோ அதுதான் என் சாப்பாடு. அவர்கள் வயிறு நிறைந்ததும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்பார்கள்: "இந்த மிச்சத்த என்ன செய்ய?" பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கேட்டபடியே சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போவார்கள். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை என் வயிறு ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. சட்டியின் அடி தெரிந்தால் நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று அர்த்தம்.

ஆகவே புதுச் சாப்பாட்டை எப்படி ஆரம்பித்தேன் தெரியுமா? அவர்களுக்கு வழக்கம்போல் சமைத்தேன். எனக்குத் தனியாக அவரைக்காய்ப் பொரியல், கீரை, தேங்காய் குறைத்த சாளை மீன் குழம்பு. டாக்டர் வரைந்த தட்டை அப்படியே பரப்பிப் பெருமையாகச் சாப்பிட்டேன். பிறகு எழுந்துபோய் வழக்கம்போல் சட்டியில் கிடந்த மிச்சத்தையும் சாப்பிட்டேன். சோற்றைக் கொட்டினால் பாவம் அல்லவா? அடுத்த சோதனையில் சர்க்கரை முன்னைவிடக் கூடியிருந்தது. "சொன்னபடிதான் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் சொன்னபடி சாப்பிட்டேன், அதற்கு மேலேயும் சாப்பிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அன்றிலிருந்து மிச்சத்தைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அப்போதுதான் மைனி களத்தில் இறங்கினார்.

மைனி என் கணவரின் அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு கதவு, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. முற்றமும் பொது, அதன் மூலையில் மாதா சொரூபம் வைத்திருக்கும் கெபியும் பொது. மைனிக்கு யாராவது சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலகத்தில் ஏதோ தப்பு நடக்கிறது என்று பதறுவார். நான் சீனியை விட்டேன் என்று தெரிந்ததும் கருப்பட்டிக் காபியோடு வந்தார்.

"கருப்பட்டியும் இனிப்புதான் மைனி."

"ஏளா, சீனிதான் கெடுதல். கருப்பட்டி மருந்துல்லா? நம்ம பக்கத்துப் பனையில எறக்குனது என்ன செய்யும்?"

நம்ம பக்கத்துப் பனையானாலும் ரத்தத்தில் போனால் சர்க்கரைதான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். ஆறின காபியைச் சூடாக்கி மறுபடி கொண்டுவருவார். சோறு வேண்டாம் என்றால் இடியாப்பம் வரும், "இது சோறு இல்லல்லா?" என்ற கேள்வியோடு. இடியாப்பம் வேண்டாம் என்றால் புட்டு. நான் படிப்படியாக ஒன்றைத் தள்ள, அவர் அதே அரிசியை வேறு உருவத்தில் கொண்டுவந்து நீட்டினார். என் கணவரோ இன்னும் சுலபமான வழி வைத்திருந்தார். "வேணும்னா மாத்திரைய ஒண்ணு கூட்டிப் போட்டுக்க." சாயங்காலம் வரும்போது எண்ணெய்ப் புரோட்டாப் பொட்டலம் வேறு. என் தட்டைப் பார்த்து மகன் ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று கேலி செய்வான். ஆபீசில் ஒரு பெரிய சரக்கு கிளியர் ஆனால் முந்திரியும் சீனியுமான மக்ரூன் டப்பா மேசை மேசையாக வரும். எடுக்காவிட்டால் அந்தச் சரக்கின் ராசிக்கே கேடு என்கிற மாதிரி பார்ப்பார்கள்.

எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான் இருந்தது: "ஒரு நாளைக்குத் தின்னா என்ன ஆயிரப்போவுது?" ஒரு நாள் மட்டும் இல்லை என்று யாருக்குச் சொல்ல? இன்று இந்த வீட்டுப் பிள்ளை முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. நாளை அந்தப் புது வீட்டுக்கு மந்திரிப்பு. அதற்கு அடுத்தாற்போல் கல்யாணம், பிறகு ஞானஸ்நானம், பிறகு யாரோ வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று விருந்து. ஒவ்வொருவருக்கும் அது ஒரு நாள். அத்தனை ஒரு நாளும் சேர்ந்து விழுவது என் ஒருத்தியின் கண்ணில். இரண்டாவது நூல் ஒன்று வந்து சேர்ந்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயந்துபோயிருப்பாள் என்று இன்னொரு வடை வாங்கித் தருவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கோயில் அசனம் வந்தது. அசனம் என்றால் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. புனிதர் பெயரால் பரிமாறுவதால் அந்தச் சாப்பாட்டை விருந்து என்று யாரும் நினைப்பதில்லை, அது ஆசீர்வாதம். ஆசீர்வாதத்தில் கால் தட்டு போதும் என்று யார் சொல்ல முடியும்? கிடாரத்திலிருந்து ஆவி பறக்கும் சோறும் ஆட்டுக்கறியும் வாளி வாளியாக வந்தன. என் இலைக்குப் பக்கத்தில் வாளி நின்றதும் நான் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

பரிமாறியவர் அகப்பையை அந்தரத்தில் பிடித்தபடி நின்றார். பந்தி முழுக்கத் தலைகள் திரும்பின. இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த மைனி என்னைக் கூர்ந்து பார்த்தார். எரிச்சலோடு ஆரம்பித்த அந்த முகம் என் கண் எதிரிலேயே இளகியது.

"ஏளா... நேர்ச்சையா?" என்றார் மெல்ல.

நான் டம்ளரை எடுத்துத் தலையைக் குனிந்து தண்ணீர் குடித்தேன். குனிந்த தலையைத் தலையாட்டலாக எடுத்துக்கொண்டார்கள். பரிமாறியவர் ஒரு எட்டுப் பின்னால் போனார். "பிள்ளைக்காகத்தான் இருக்கும், பாவம்" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. யாரோ எழுந்துபோய் எனக்கென்று கொஞ்சம் அவித்த பயறு கொண்டுவந்து வைத்தார்கள். நான் பாட்டுக்கு என் பயறைத் தின்றேன். இன்னொரு தடவை யாரும் எதையும் போட வரவில்லை. இத்தனை மாதம் நான் கெஞ்சியும் வாதாடியும் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியும் கிடைக்காதது, வாய் திறக்காமல் ஒரு மடக்குத் தண்ணீரில் கிடைத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் நேர்ச்சை என்றால் அப்படித்தான். மாதாவிடம் ஒரு காரியத்தைக் கேட்டு, அது நடக்கும்வரை எனக்குப் பிடித்த ஒன்றை விடுகிறேன் என்று நேர்ந்துகொள்வது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் தவசு காலத்தில் கறியை விடுவதும் அதே வழிதான். வியாதிக்காகச் சோற்றைக் குறைத்தால் வீம்பு. மாதாவுக்காகக் குறைத்தால் பக்தி. சோறு என்னவோ அதே சோறுதான்.

பிள்ளைக்காக என்று அவர்கள் நினைத்ததற்குக் காரணம் இருந்தது. என் மகன் கப்பல் வேலைக்கான படிப்பை முடித்து, பரீட்சைகளை எழுதித் தேறி, ஏதாவது ஒரு கப்பலில் ஏறுவதற்கான ஆர்டருக்காக வீட்டில் காத்திருந்தான். காத்திருந்து காத்திருந்து அவன் தாடி வளர்ந்ததுதான் மிச்சம். ஆகவே தாய் சோற்றை விட்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. இன்னும் முன்னாலேயே விட்டிருக்கலாமே என்றுகூடச் சிலர் நினைத்திருப்பார்கள்.

அதன் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகின்றன. கருப்பட்டிக் காபியோடு வந்த அதே மைனி என் காவல்காரராகிவிட்டார். என் கணவர் புரோட்டாப் பொட்டலத்தோடு வாசலில் கால் வைத்ததும், "நேர்ச்சைல இருக்கவ முன்னால இதக் கொண்டுவாரியே, ஒனக்கு அறிவிருக்கா? வெளிய நின்னு தின்னுட்டு வாலே" என்று விரட்டினார். பாவம், அவர் கடைவாசலிலேயே தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். மைனியே கீரை ஆய்ந்து கொடுத்தார். மீனைப் பொரிக்காமல் குழம்பில் போட்டார். ஆபீசில் செய்தி பரவி, காயல்பட்டினத்திலிருந்து வரும் அக்கவுண்டன்ட், "நோன்பு மாதிரியா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு மக்ரூன் டப்பாவை என் மேசையைத் தாண்டி நகர்த்தி வைத்தார். அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்து, நேர்ச்சையில் தன் மகளின் கல்யாணத்தையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அத்தனை பேர் பாரத்தையும் என் கால் தட்டுச் சோறு எப்படித் தாங்கும்?

எனக்குச் சௌகரியம்தான். ஆனால் வயிறு எரிந்தது. இவளுக்குக் கண் போகப்போகிறது என்று சொன்னபோது அசையாத ஊர், மகனுக்கு வேலை என்றதும் எழுந்து நின்று வழி விடுகிறதே!

ஊரை விடுங்கள். அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் செய்தது என் மனசுதான். அசனத்துக்கு முன்னால் புரோட்டா வாசனை அடித்தால் கண்ணை நினைத்துக்கொள்வேன். கண் எங்கேயோ தூரத்தில் இருக்கும், புரோட்டா பக்கத்தில் இருக்கும். அசனத்துக்குப் பிறகு, நேர்ச்சை எதுவும் நான் நேரவே இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், ஆசை வரும்போதெல்லாம் மகன் முகம் வந்து நின்றது. உடனே கை பின்வாங்கியது. தன் பார்வைக்காக ஒரு வாய் சோற்றை விடாதவள், பிள்ளையின் ஆர்டருக்காக என்றால் சட்டியோடு விட்டுவிடுகிறாள். என்னை இப்படி யார் பழக்கிவைத்தார்கள் என்று யோசித்தால் ஆத்திரமாக வந்தது. பழக்கியவர்கள் யாரையும் இப்போது பிடித்துக் கேட்கவும் முடியாது.

ஆனால் உடம்பு இந்த வித்தியாசத்தையெல்லாம் பார்க்கவில்லை. சர்க்கரை இறங்கியது. அடுத்த தடவை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கசிவு கூடவில்லை என்றார். "இப்படியே இருங்கம்மா, போதும்." திரையில் நூல்கள் ஒதுங்கிப்போய், கண்டெய்னர் நம்பர்கள் பழையபடி தெளிவாகத் தெரிந்தன. சாயங்காலங்களில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். தூரத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களை எண்ணிப் பார்ப்பேன். எண்ண முடிகிறதே என்பதே சந்தோஷமாக இருந்தது. பசியும் எனக்குப் புதிதாக அறிமுகமானது. அதுவரை எனக்குப் பசி எப்படி இருக்கும் என்றே தெரியாது. சட்டி காலியாகாமல் இருந்ததுதான் தெரியும்.

இந்த நிலைமையில் ஒரு நாள் மகனுக்கு ஆர்டர் வந்துவிட்டது.

வீடு தலைகீழானது. அவர் கிரேனிலிருந்தே ஃபோன் செய்து கத்தினார். நான் அழுதேன். மைனி கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பியதும் சொன்ன முதல் வார்த்தை: "மாதா கண்ணத் தொறந்துட்டா. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நேர்ச்சைய முடிச்சிருவோம்."

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டால் நேர்ச்சையை முடிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். எதை விட்டிருந்தாளோ அதையே சமைத்து, கெபிக்கு முன்னால் எல்லோரும் பார்க்க அவள் முதல் வாய் உண்ண வேண்டும். அதோடு பழைய சாப்பாடு பழையபடி ஆரம்பமாகும். இத்தனை மாதம் எனக்குத் துணை நின்ற அதே நேர்ச்சை இப்போது கையில் பிரியாணித் தட்டோடு எனக்கு எதிரே வந்து நின்றது.

"வேண்டாம் மைனி, நான் இப்படியே இருந்துக்கிடுதேன்."

"கிறுக்கா ஒனக்கு? முடிக்காத நேர்ச்சைய வச்சிக்கிட்டுப் பிள்ளையக் கடலுக்கு அனுப்புவியா?"

கடல் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் வாதாட வராது. என் மாமனார், அதாவது மைனியின் அப்பா, சங்கு குளிக்கப் போனவர். ஒரு நாள் போனார், வரவில்லை. அவர் பேருக்கு நேர்ந்திருந்த ஏதோ ஒன்றை அந்த வருடம் முடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று மைனி இன்றுவரை நம்புகிறார். அப்போது மைனி பாவாடை கட்டிய பிள்ளை. அவரிடம் போய் என்ன அறிவியல் பேச? உண்மையைச் சொன்னால் எனக்குள்ளேயும் அந்தப் பயம் இருந்தது. நேராத நேர்ச்சை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாரம் முழுக்கச் சோற்றைப் பார்க்கும்போதெல்லாம் அலைதான் ஞாபகம் வந்தது. ஒரு வாய்தானே, தின்றுவிட்டால்தான் என்ன, பிள்ளை பத்திரமாக இருக்கட்டுமே என்று மனசு மெல்ல இளகவும் செய்தது. ஒரு நாள்தானே என்று இப்போது எனக்குள்ளேயே ஒருத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் சொன்னபோதாவது எதிர்த்துப் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பந்தல். கெபிக்கு மாலை. நெருங்கிய சொந்தம் மட்டும் என்று மைனி சொன்னார், முற்றம் கொள்ளவில்லை. பிரியாணி, பொரித்த சீலா மீன், புரோட்டா, கருப்பட்டி போட்ட பாயசம், தட்டு நிறைய மக்ரூன். நான் விட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்துச் செய்திருந்தார். பாதி நாள் நின்று சமைத்ததில் அவர் கால் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபப்படவும் முடியவில்லை.

என்னை கெபிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஜெபம் சொல்லி முடித்தார்கள். மகன் தட்டிலிருந்து ஒரு வாய் உருட்டி என் முன்னால் குனிந்தான். தாடியை எடுத்திருந்தான். பார்க்கச் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது.

"ம்மா, ஒரு வாய்."

கைப்பிடிச் சோறு நெய்யில் பளபளத்தது. நான் வாயைத் திறக்கிறேனா என்றே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பயம்தான்.

அந்த நிமிடம் எனக்கு ஒரு வாக்கியம் தயாராக வந்தது. நீ கடலிலிருந்து திரும்பி வரும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கண் வேண்டாமா என்று கேட்டால் போதும். முற்றமே அழும். மைனியே தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் அது இன்னொரு நேர்ச்சை. அவன் திரும்பி வந்த அன்றைக்கு இதே பந்தல், இதே பிரியாணி. பிறகு அவன் கல்யாணத்துக்கு ஒன்று, அவன் பிள்ளைக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். என் கண்ணுக்கு என்னைத் தவிர எல்லோர் பேரிலும் ஒரு காரணம் இருக்கும்.

அந்த வாக்கியத்தை விழுங்கினேன். சோற்றைவிட அதை விழுங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏலே, இது ஒனக்காக இல்லலே" என்றேன். "நான் மாதாகிட்ட ஒண்ணும் நேரல. எனக்குக் கண்ணு போயிரும்னு டாக்டர் சொன்னாவ. எனக்குக் கண்ணு வேணும். அதுக்காகத்தான் சோத்தக் கொறச்சேன். எனக்காக."

என் கணவர் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனிக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

"தனக்குத்தானே எவளாவது நேருவாளா?"

"நேரலன்னுதான் சொல்லுதேன் மைனி."

"அப்பம் பிள்ளைக்கு வேல எப்படிக் கெடச்சுது?"

"படிச்சான். பரீட்ச எழுதினான். பாஸ் பண்ணினான்."

இதைக் கேட்டு மகன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் பரீட்சை எழுதியதைப் பற்றி இந்த வீட்டில் யாராவது பேசி ரொம்ப நாளாகியிருந்தது. கையிலிருந்த சோற்றைத் தானே தின்றான்.

மைனி கையைப் பிசைந்தபடி நின்றார். அவர் அழுவார், இல்லை என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஏதோ கணக்குப் போட்டு முடித்தவர் மாதிரி சட்டென்று முகம் தெளிந்தார்.

"நேர்ச்சையே இல்லன்னா பெறவு தின்னுறதுக்கு என்னளா? ஒரு நாள்தானே!"

சொல்லிக்கொண்டே தட்டில் இன்னும் ஓர் அகப்பை பிரியாணி போட்டு என் மடியை நோக்கி நீட்டினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பந்தலைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனேன். காலையில் நான் எனக்கென்று செய்து மூடிவைத்திருந்த கொத்தவரங்காய்ப் பொரியலும் சாளைக் குழம்பும் இருந்தன. ஒரு தட்டை எடுத்துப் பாதிக்குக் காய் வைத்தேன். மீன் வைத்தேன். மீதி இடத்தில் சோறு. தட்டோடு முற்றத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். மகன் தின்ற அந்த ஒரு வாயைத் தவிர யாரும் இன்னும் கை நனைக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்னால் நான் சாப்பிட்டது அன்றுதான். எல்லோரும் பார்ப்பது பிடரியில் உறைத்தது. பயமாகவும் இருந்தது. பிள்ளை அடுத்த வாரம் கப்பல் ஏறப்போகிறான், நான் பிடிவாதமாகக் கொத்தவரங்காயை மென்றுகொண்டிருக்கிறேன். ஆனாலும் மென்றேன். பசி அடங்கியதும் நிறுத்தினேன். தட்டைக் கழுவி வைத்தேன். அவன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து, முதல் மாதத்திலேயே கன்னம் உப்பிய ஃபோட்டோ அனுப்பியது பிறகு நடந்தது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

நான் எழுந்த பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்திருக்கும்; மைனியின் கை அப்படி.

வெயில் தாழச் சொந்தங்கள் கலைந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து மகனின் சான்றிதழ்களைக் கண்ணாடி போடாமல் வாசித்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அடுக்களை வாசலில் மைனி வந்து நின்றார். இடுப்பில் பிரியாணிச் சட்டி. அடியில் இன்னும் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்குக் கிடந்தது.

"ஏளா, இந்த மிச்சத்த என்ன செய்ய?"

கேட்டுக்கொண்டே, பழக்கத்தில், சட்டியை என் பக்கம் சாய்த்தார். நான் கை நீட்டவில்லை.

"தெரியல மைனி" என்றேன்.

சட்டியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார்.